மூன்றாவது சுற்று

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த காலத்தில்தான் எங்கள் சித்தப்பாவுக்குக் கார் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. சித்தப்பா கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த அரசாங்க ஆபீசில் ஒரு இன்ஜினியர் துரை இருந்தார். மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறும்போது அவர் தன் நாயை ஒரு சீனருக்கும், பியானோவைப் பள்ளிக்கூடத்துக்கும், கறுப்புக் காரைச் சித்தப்பாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். சுதந்திரம் என்பது இப்படித்தான் வீடுவீடாக வந்து சேரும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீடு காஜா பெராங்கில். முன்னால் அப்பாவின் மளிகைக் கடை, பின்னால் குடும்பம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தனக்குத் தானே பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அவருக்குக் கார் தேவைப்பட்டது.

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஊரில் கார் வைத்திருந்த இளைஞர்கள் எல்லாரும் பண்டார் ஹிலிர் திடலைச் சுற்றுவார்கள். கடல் அப்போது திடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கடலை ஒட்டிய சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் போய், கோடியில் உள்ள வளைவில் திரும்பி, குன்றின் அடிவாரமாக வந்தால் மறுபடியும் அதே கடற்கரைச் சாலை. போய்ச் சேரவேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. இதை மலாய்க்காரர்கள் ‘மக்கான் அங்கின்’ என்பார்கள், காற்றைச் சாப்பிடுவது. நாங்கள் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்வோம். காற்று எங்கள் வீட்டுக் கொல்லையிலும் வேண்டிய மட்டும் அடித்தது. திடலுக்குப் போனது எல்லாரும் எல்லாரையும் பார்ப்பதற்கு.

சித்தப்பா தனியாகப் போவதை அப்பா விரும்பவில்லை. “ஒண்டியா சுத்துனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போ,” என்றார். பாப்பா நான். என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை. ஆகவே சித்தப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் இருவரும் வாராவாரம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தோம். சித்தப்பா தலையைப் படிய வாரி, கழுத்தில் பவுடர் போட்டு, ஜன்னலில் முழங்கையை வைத்து ஓட்டுவார். ஜாலான் துக்காங் எமாசில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது மட்டும் அந்தக் கை உள்ளே வந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விடும்.

இரண்டு சுற்று முடிந்ததும் அத்தை என் காதில் கிசுகிசுப்பாள். “இன்னொரு சுத்து கேளு பாப்பா. நீ கேட்டா மறுக்க மாட்டாரு.” நான் கேட்பேன். சித்தப்பா பெரிய மனது பண்ணுகிறவர்போலத் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு சுற்று போவார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும், “சின்னப் புள்ள ஆசைப்பட்டுச்சு,” என்று அப்பாவிடம் சொல்வார்.

இந்தச் சுற்றலுக்குக் கேடு வந்தது ஒரு கச்சாங் பூத்தேக்காரரால். கடலை, பட்டாணி விற்கிற அவருடைய தள்ளுவண்டியை ஒரு சனிக்கிழமை ஏதோ ஒரு கார் உரசிவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வறுத்த பட்டாணியெல்லாம் தார்ச்சாலையில் கொட்டி, அடுத்தடுத்து வந்த கார்கள் அதன்மேல் ஏறிப் போயின. ஒரு காரும் நிற்கவில்லை. அந்த மனிதர் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் போலீஸ் வந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி போன இடத்துக்கு அப்போதுதான் உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். துரைமார் போனதும் ஊர் குட்டிச்சுவராகப் போய்விட்டது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முதலில் ஊதலோடு ஆட்களை நிறுத்தினார். இளைஞர்கள் பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். பிறகு தார் பீப்பாய்களுக்கு வெள்ளையடித்துச் சாலை நடுவே வரிசையாக வைத்தார். பாதை குறுகிக் கார்கள் இன்னும் மெதுவாக ஊர்ந்தன. பார்க்க வந்தவர்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. கடைசியில் ஓர் உத்தரவு போட்டார். எந்தக் காரும் இரண்டு சுற்று போகலாம். மூன்றாவது முறை வளைவுக்கு வந்தால் நிறுத்தி, நம்பரைக் குறித்துக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். மறுபடியும் பிடிபட்டால் கோர்ட்டுதான்.

வளைவில் நின்ற போலீஸ்காரரை எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங் இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறு பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். அங்கிருந்து ஓர் அம்மாள் தினமும் காலையில் கூடையில் கூவே பலகாரம் கொண்டுவந்து எங்கள் கொல்லைக் கதவருகே விற்பார். கூவே அம்மா என்போம். அவருடைய ஒரே மகன்தான் அந்த மாத்தா. மாத்தா என்றால் போலீஸ்காரர். பண்டார் ஹிலிரில் போலீஸ் குடியிருப்பில் தங்கியிருந்தார். லீவு நாளில் வீட்டுக்கு வந்தால் எங்கள் கொல்லைவரை வந்து தாயின் கூடையை வாங்கித் தூக்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் கூவே அம்மா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் மலாயில் சொன்னார், இந்த வீட்டிலிருந்து ஒரு மருமகள் கிடைத்தால் ஆயுசுக்கும் உங்களுக்குக் கூவே இலவசம் என்று. அம்மாவும் சிரித்தாள். கடையிலிருந்து அதைக் கேட்ட அப்பா சிரிக்கவில்லை. கூவே அம்மா போனதும் உள்ளே வந்து, “கும்புடுற சாமி ஒண்ணுதான், இல்லேங்கல. அதுக்காக? சாப்டியான்னு தமிழ்ல கேக்கத் தெரியாத வீட்டுக்குப் பொண்ணைக் குடுக்க முடியுமா?” என்றார். அம்மா, “அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுங்க,” என்றாள். அத்தை கூவே சுற்றியிருந்த வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்ததை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு இரட்டைப் பங்கு கிடைத்த சந்தோஷம்.

உத்தரவு வந்த பிறகு பல கார்கள் வளைவில் நிறுத்தப்பட்டன. எங்கள் கறுப்புக் கார் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது சுற்று, நான்காவது சுற்று, எப்போது போனாலும் அந்த மாத்தா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், அல்லது பின்னால் வருகிற காரைக் கைகாட்டி நிறுத்துவார். இதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தினமும் அவன் தாயிடம் கூவே வாங்குகிறோமே, அந்த விசுவாசம் என்றாள் அம்மா. அவர் எங்கள் பக்கம் பார்த்துச் சிரிப்பதை இரண்டு மூன்று தடவை கவனித்திருந்ததால், என்மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்பது என் முடிவு. சித்தப்பாவுக்கோ சந்தேகமே இல்லை. கவர்மென்ட் உத்தியோகஸ்தர் மரியாதையாக ஓட்டுகிற கார் எது, வெட்டிப்பயல் ஓட்டுகிற கார் எது என்று போலீசுக்குத் தெரியாதா?

அதை அவர் தன் மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்கிற மனுஷர் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் என்னையும் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தார். அங்கே ஜாலான் துக்காங் எமாஸ் நகைக்கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் பச்சை நிறத்தில் பெரிய கார் ஒன்று இருந்தது. அதை முந்தின வாரம் வளைவில் நிறுத்திப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அந்த எரிச்சலில் இருந்தான்.

“ஒங்களை மட்டும் ஏன் நிறுத்த மாட்டேங்கிறான்?” என்று கேட்டான்.

சித்தப்பா கோப்பியை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “ஆளைப் பாத்தே தெரிஞ்சிக்குவான்லா. என் காடியை நிறுத்த இந்த ஊர்ல எவனுக்குத் தைரியம் இருக்கு?”

“எத்தனை சுத்து போறீங்க?”

“எண்ணுறதில்ல. நாலு. அஞ்சு.”

அவன் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டேயிருந்தான். சித்தப்பா எனக்கு இன்னொரு ரொட்டி வாங்கிக்கொடுத்தார். அன்று அவர் மிகவும் உற்சாகமாக இருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. முதல் சுற்றில் வளைவுக்கு வந்தபோது அந்த மாத்தா எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றார். பக்கத்தில் கச்சாங் பூத்தேக்காரரின் வண்டியருகே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காகிதப் பொட்டலத்திலிருந்து பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் பச்சைக் கார் நின்றது. நகைக்கடைக்காரர் மகன் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்றில் மாத்தாவின் முகம் விறைத்துக் கிடந்தது. எங்கள் கார் அருகே போகும்போது தலையை ஒரே ஒரு தடவை, மிக லேசாக, இல்லை என்பதுபோல் ஆட்டினார். ஈ ஓட்டுகிறார் என்று நான் நினைத்தேன்.

அத்தை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, போதும். வீட்டுக்குப் போயிடலாம்,” என்றாள்.

“என்ன அதுக்குள்ள?” சித்தப்பாவுக்கு ஆச்சரியம். “பாப்பா இன்னும் கேக்கவே இல்லையே.”

“அதுக்குத் தலை வலிக்குதாம். போலாம்ணே.”

எனக்குத் தலை வலிக்கவில்லை. ஆனாலும் அத்தையின் குரலைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். சித்தப்பா கண்ணாடியில் பச்சைக் காரைப் பார்த்தார். “இப்ப நேரா வீட்டுக்குப் போனா நான் பயந்துட்டேன்னு அவன் நினைப்பான். ஒரே சுத்து. அப்புறம் போயிடலாம்.”

“அண்ணே, சொன்னாக் கேளுங்க.”

“நம்மள யாரு நிறுத்துவா?” என்று சொல்லிக்கொண்டே குன்றின் பக்கம் திருப்பினார்.

மூன்றாவது முறை வளைவுக்கு வந்தோம். மாத்தாவின் கை பாதிவரை எழுந்து, அப்படியே கீழே இறங்கியது. சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் பொட்டலத்தோடு சாலையில் இறங்கிக் காருக்கு முன்னால் வந்து நின்றார். அவர்தான் இன்ஸ்பெக்டர்.

அவர் கத்தவில்லை. மலாயில், இந்த வண்டி எத்தனை சுற்று போயிற்று என்று மாத்தாவைக் கேட்டார். “கவனிக்கல, துவான்,” என்றார் மாத்தா. நான் கவனித்தேன் என்றார் இன்ஸ்பெக்டர். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் மற்றவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். காரில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்கச் சொன்னார்.

மாத்தா எங்கள் ஜன்னலுக்கு வந்தார். அவ்வளவு அருகில் அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தொப்பியின் கீழே வேர்த்திருந்தது. சித்தப்பாவிடம் பேர் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கொல்லைவரை வந்து போகிறவர், வீடு எங்கே என்று கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அத்தையின் பக்கம் குனிந்து, “நாமா?” என்றார். பேர் என்ன என்று அர்த்தம்.

அத்தை பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வதுபோலத் தெளிவாகத் தன் பேரைச் சொன்னாள். அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பி அனுப்பு என்று பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது.

மாத்தா ஜன்னல் விளிம்பில் கையை வைத்தார். “இருட்டப் போவுது,” என்றார். நல்ல தமிழில் சொன்னார். “வீட்டுக்குப் போங்க. பத்திரமா போங்க.”

பாலம் தாண்டும்வரை சித்தப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, “பாத்தியா, தமிழ் பேசுறான்லா அவன். எங்க கத்துக்கிட்டான்?” என்றார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளுடைய விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. வீட்டில் சித்தப்பா நடந்ததை வேறு மாதிரி சொன்னார். தனக்குக் கார் இல்லாத பொறாமையில் இன்ஸ்பெக்டர் வம்புக்கு வந்ததாகவும், தான் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசியதும் விட்டுவிட்டதாகவும். சித்தப்பா ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அத்தையும் நானும் மறுத்துச் சொல்லவில்லை.

புதன்கிழமை கூவே அம்மா கூடை இல்லாமல் வந்தார். காலையில் வருகிறவர் அன்று மத்தியானம் வந்தார். கொல்லைப் படியில் உட்கார்ந்து, “அனாக் சாயா கெனா துக்கார்,” என்றார். மகனுக்கு மாற்றல் ஆகிவிட்டது. பஹாங்கில், லிப்பிஸ் பக்கம் காட்டு ஸ்டேஷன். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை ஓயாத காலம் அது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. எப்போது போகிறான் என்று கேட்டாள். இன்றைக்கே, சாயங்காலம் ஐந்து மணி லாரியில் என்றார் கூவே அம்மா. என்ன தப்பு செய்தான் என்று கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான், நான் கண்ணைத் துடைத்தால் தன் கண்ணையும் சேர்த்துத் துடைக்கச் சொல்லிச் சிரிக்கிறான் என்றார்.

அத்தை ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாக மலாயில் ஒன்று கேட்டாள். லாரி எந்த வழியாகப் போகும்? கடற்கரைச் சாலை வழியாகத்தான் என்றார் கூவே அம்மா. அவர் அத்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாலரை மணிக்குச் சித்தப்பா ஆபீசிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் அத்தை அவர் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணே, ஒரு தடவை பண்டார் ஹிலிர் பக்கம் போயிட்டு வரலாமா?”

“புதன்கிழமையா?”

“சும்மா. போன ஒடனே திரும்பிடலாம்.”

“நடந்தது போதாதா?” என்றார் சித்தப்பா. “இன்னொரு தடவை போயி அவனுங்க முன்னாடி நிக்கணுமா? ஒரு மாசத்துக்கு இந்தக் காடி அந்தப் பக்கம் திரும்பாது. அவனுங்களுக்கும் ரோஷம்னா என்னன்னு தெரியட்டும்.”

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன், கெஞ்சினேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். அதுவரை நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்ட அவமானம் அவருக்கு அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. “ரெண்டு பேருக்கும் ஐஸ் கச்சாங் வாங்கித் தர்றேன்,” என்று சமாதானம் சொன்னார்.

அத்தை தனியாகப் பஸ் ஏறிப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எதற்குப் போகிறாய் என்று அப்பா கேட்டால் சொல்ல அவளிடம் பதிலும் இல்லை.

அதற்குச் சில வாரங்களில் கடற்கரைச் சாலையை வார இறுதியில் கார்களுக்கு அடைத்தே விட்டார்கள். சித்தப்பாவுக்குக் கடைசியில் அப்பாதான் பெண் பார்த்தார். அத்தையை அடுத்த தை மாதத்தில் குருபோங் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், அத்தையை ஒரு குறையுமில்லாமல் வைத்திருந்தார். அந்த மாத்தா காட்டிலிருந்து உயிரோடு வந்து, லிப்பிசிலேயே கல்யாணம் செய்துகொண்டு, தாயையும் அங்கே அழைத்துக்கொண்டார் என்று கேள்வி.

பல வருடம் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, குருபோங்கில் அத்தையின் வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். அந்த மாத்தாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஏதோ பேச்சில் கேட்டுவிட்டேன்.

“நான்தான்,” என்றாள் அத்தை. கை நிற்கவில்லை. “கூடை வாங்க வரும்போது, வேலியோரமா நின்னு. பெரியண்ணன்கிட்ட தமிழ்லயே வந்து பொண்ணு கேக்கணும்னு படிச்சாரு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா கேட்டிருப்பாரு.” அடுத்த கருவாட்டை எடுத்தபடி, “இது சின்னண்ணனுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு,” என்றாள். நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தன்மேல் பொறாமைப்பட்ட கதையைச் சித்தப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அழுது ஓய்ந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு காரைக் கழுவினார். பண்டார் ஹிலிருக்குப் போகாமலிருப்பதன் மூலம் போலீசைத் தண்டித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. கடைக்குள் கடிகாரம் ஐந்து அடித்தது. அத்தை அவருக்கு டீ கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் காரின் மூக்கில் வைத்தார், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி விளக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அத்தை அவருக்குப் பின்னால் நின்று அவர் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடையிலிருந்து அப்பா கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. காலிக் கோப்பையை எடுத்துப் போகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா மீதி டீயைக் குடித்ததும் நானே எழுந்து போய்க் கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அத்தை அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டும் ஏன் அங்கேயே நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.